வியர், டைன், டீஸ் ஆற்றங்கரை ஃப்ரீமேசன் மண்டபங்கள்: வரலாற்றை எங்கிருந்து பிடிப்பது?

நெய்தல்வாசி கேட்டது

வணக்கம். இங்கிலாந்தின் வடகிழக்கில் நிலக்கரி, கப்பல் கட்டுதல், இரும்பு மூன்றும் செழித்த சண்டர்லாந்து, கேட்ஸ்ஹெட், ஸ்டாக்டன் வட்டாரத்தின் ஃப்ரீமேசன் (கல்தச்சர் கருவிகளைச் சின்னமாகக் கொண்டு, மூடிய அறையில் சடங்கோடு கூடும் சகோதரச் சங்கம்; சுருக்கமாக மேசன்) மண்டபங்களைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை தயாராகிறது. அந்தப் பகுதியின் சுரங்கம், ரயில் பற்றிப் படிக்க நிறைய கிடைக்கிறது. மண்டபங்களுக்கு வந்தால்தான் எல்லாம் குழம்புகிறது.

ஒரே லாட்ஜுக்குப் பழைய டைரக்டரிகளில் மூன்று வெவ்வேறு எண்கள் வருகின்றன. அவை மூன்று லாட்ஜுகளா? லாட்ஜ் தொடங்கிய ஆண்டுக்கும் மண்டபம் கட்டிய ஆண்டுக்கும் நடுவே நூறு ஆண்டு இடைவெளி கூட இருக்கிறது. அதுவரை எங்கே கூடினார்கள்? இன்று உணவகமாகவோ குடியிருப்பாகவோ மாறிவிட்ட ஒரு கட்டடம் மேசன்கள் மண்டபமாக இருந்ததுதான் என்று எதை வைத்து உறுதி செய்வது? நிலம் யார் பெயரில் இருந்தது என்று தேடினால் லாட்ஜின் பெயரே பத்திரங்களில் தட்டுப்படுவதில்லையே, ஏன்? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆவணக்காரன்

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். தமிழில் லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதிதான் கண்முன் வரும். ஆங்கிலேய மேசன்களிடமோ லாட்ஜ் என்பது ஆட்களின் கூட்டம். கிராண்ட் லாட்ஜ் (எல்லா லாட்ஜுகளுக்கும் மேலான தலைமை அமைப்பு) கொடுத்த பட்டயம் ஒன்று கையில் இருந்தால், அந்தக் குழு எந்த அறையில் கூடினாலும் அது லாட்ஜ்தான். மண்டபம் வேறு, லாட்ஜ் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் காலவரிசை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட நான்கில் மூன்று சிக்கல் அப்போதே அவிழும்.

மண்டபம் வரும்வரை கூடியது விடுதிகளின் மாடி அறைகளில். 1717-ல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ் உருவானதாகச் சொல்லப்படும் கூட்டமே செயின்ட் பால் தேவாலயத்தின் அருகே ஒரு மதுக்கடையில் நடந்ததுதான். வடகிழக்கிலும் அதே வழக்கம். மாதத்துக்கு ஒரு மாலை, அதுவும் பல லாட்ஜுகள் கோடையில் கூடுவதில்லை. அதற்காக யார் தனிக் கட்டடம் கட்டுவார்கள்? விடுதிக்காரர் அறையைக் கொடுப்பார், சாப்பாட்டிலும் குடியிலும் அவருக்கு வருமானம். தரையில் லாட்ஜின் வடிவத்தையும் சின்னங்களையும் சுண்ணக்கட்டியாலும் கரியாலும் வரைவார்கள். கூட்டம் முடிந்ததும் ஈரத் துடைப்பத்தால் அழித்துவிடுவார்கள். இந்த வேலை பெரும்பாலும் வாசல் காப்பவருடையது. அவருக்கு டைலர் என்று பெயர் (துணி தைப்பவர் அல்ல, எழுத்துக்கூட்டல் வேறு). வரைந்து அழிப்பது மாறி, சுருட்டி வைக்கும் ஓவியத் துணி வந்தது, பிறகு சட்டமிட்ட பலகை வந்தது. சுருட்டவும் தூக்கவும் முடியாத சாமான் சேரச் சேரத்தான் நிலையான அறை தேவைப்பட்டது. தூண்கள், பீடங்கள், நாற்காலிகள், பெட்டிகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு மாதமும் விடுதிப் படியில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு.

அடுத்தது எண்கள். மூன்று எண் என்றால் மூன்று லாட்ஜ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிப்போன லாட்ஜுகளை நீக்கி வரிசையை நெருக்கிக் கட்டும் வேலையைக் கிராண்ட் லாட்ஜ் பலமுறை செய்தது. 1740, 1755, 1770, 1780, 1781, 1792 என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே இத்தனை முறை. 1751-ல் 'ஆன்ஷியன்ட்ஸ்' என்று போட்டி கிராண்ட் லாட்ஜ் ஒன்று எழுந்தது, அதற்கு அதன் சொந்த வரிசை. இரண்டும் 1813 டிசம்பர் 27-ல் இணைந்தபோது 1814-ல் இரு பட்டியலையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தார்கள். முதலெண் யாருக்கு என்று சீட்டுப் போட்டதில் ஆன்ஷியன்ட்ஸ் தரப்பு வென்றது. லண்டனின் மிகப் பழைய லாட்ஜான ஆன்டிக்விட்டி, 1-லிருந்து 2-க்குப் போனது இப்படித்தான். பிறகு 1832, 1863. அந்த 1863 எண்தான் இன்றுவரை நிற்கிறது.

ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் அது எந்த ஆண்டின் வரிசை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஜான் லேன் 1886-ல் தொகுத்த லாட்ஜ் பட்டியல் இப்போது இணையத்தில் தேடக்கூடிய வடிவில் இருக்கிறது. ஒவ்வொரு லாட்ஜுக்கும் எல்லா எண்களும், பெயர் மாற்றங்களும், கூடிய இடங்களும் ஆண்டுகளோடு அதில் வரும். அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அதில் வரும் இடத்தின் ஆண்டு, அந்த இடத்தில் கூடியதற்குச் சான்று கிடைத்த ஆண்டு. குடியேறிய நாள் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெயரும் மாறும். சண்டர்லாந்தில் இன்று பாலடைன் லாட்ஜ், எண் 97 என்று இருப்பது ஆதியில் கடல் கேப்டன்கள் லாட்ஜ். நிலக்கரிக் கப்பல் ஓட்டியவர்களின் ஊர் அது என்பதற்கு அந்தப் பழைய பெயரே சாட்சி, கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். அதேபோல கேட்ஸ்ஹெட்டின் 'லாட்ஜ் ஆஃப் இண்டஸ்ட்ரி', எண் 48. அது ஸ்வால்வெல் என்ற சிற்றூரில், க்ரவ்லி இரும்பாலைகளின் பக்கத்தில் பிறந்தது. உளி பிடித்த உண்மையான கல்தச்சர்களின் லாட்ஜாக இருந்து 1735-ல் கிராண்ட் லாட்ஜின் கீழ் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கேட்ஸ்ஹெட்டுக்கு இடம் மாறியது. இந்த ஊர்மாற்றத்தைக் கவனிக்காமல் கேட்ஸ்ஹெட் ஆவணங்களை மட்டும் புரட்டினால் நூறு ஆண்டு வரலாறு கைநழுவிவிடும்.

கடைசியாக, டர்ஹாம் கவுண்டிக்கே உரிய ஒரு பொறி. 1869-ல் தொடங்கிய டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகளுக்கும் லாட்ஜ் என்றுதான் பெயர். பழைய செய்தித்தாளில் ஊர்ப் பெயரோடு லாட்ஜ் என்று தேடினால் பெரும்பாலும் வருவது சங்கக் கிளைக் கூட்டங்கள்தான். தேடும்போது மாஸ்டர் (லாட்ஜின் தலைவர்), வார்டன் (அவருக்கு அடுத்த இரு அதிகாரிகள்), டைலர் போன்ற பதவிப் பெயர் ஒன்றைச் சேர்த்துத் தேடுங்கள்.

செங்கல்சுண்ணாம்பு

கட்டடத்தை வைத்து அடையாளம் காண்பது பற்றி நான் சொல்கிறேன். வாசலுக்கு மேலுள்ள சின்னத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வருவதுதான் இதில் முதல் தவறு. அந்தக் காலத் தொழில்நகரங்களில் நட்புறவுச் சங்கங்கள் (உறுப்பினருக்கு நோயிலும் சாவிலும் பணம் தருபவை) ஏராளம், எல்லோரும் சின்னம் பொறித்தார்கள். மூன்று சங்கிலி வளையம், உள்ளங்கையில் இதயம் இருந்தால் ஆட்ஃபெலோஸ். எருமைத் தலை என்றால் பஃபலோஸ். மான் இருந்தால் ஃபாரஸ்டர்ஸ் பக்கம் தேடுங்கள். எல்லாம் காணும் கண் மேசன்களுக்கு மட்டும் சொந்தமில்லை, ஆட்ஃபெலோஸும் அதைப் பொறிப்பார்கள். மேசன்களைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது மூலைமட்டமும் கவராயமும் ஒன்றோடொன்று பின்னிய வடிவம். 'மேசன்ஸ் ஆர்ம்ஸ்' என்று ஒரு மதுக்கடை இருப்பது எதற்கும் சான்றாகாது, கொத்தனார்களைக் குறித்தும் அந்தப் பெயர் வைப்பார்கள்.

உள்ளே போக முடிந்தால் தரையைப் பாருங்கள். கிழக்கே மாஸ்டரின் இருக்கை மூன்று படி உயரத்தில், மேற்கே மூத்த வார்டனுக்கு இரண்டு படி, தெற்கே இளைய வார்டனுக்கு ஒரு படி என்பது இங்கிலாந்து வழக்கம். வடக்கில் அப்படி இருக்கை கிடையாது. கட்டடத்தை உணவகமாக மாற்றும்போது மேடைகளைப் பெயர்த்துவிடுவார்கள். ஆனாலும் ஒரு முனையில் மட்டும் பலகையின் நிறமும் அகலமும் வேறாக இருக்கும், சுவரடிப் பட்டை அந்த இடத்தில் ஒரு முழம் மேலே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மூன்று சுவரில் மூன்று அளவில் இருந்து, நான்காம் சுவரில் இல்லாவிட்டால் அது வலுவான தடயம்.

மேற்குச் சுவரில் மூத்த வார்டனின் இருபுறமும் இரண்டு கதவு இருக்கிறதா பாருங்கள். பல மண்டபங்களில் ஒன்று உறுப்பினர்கள் வரும் முன்னறைக்கு, மற்றொன்று புதிதாகச் சேருபவரைத் தயார்செய்யும் சிற்றறைக்கு. கதவின் வெளிப்பக்கம் தட்டும் வளையம் இருந்த திருகுத் துளை மிச்சமிருக்கும். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும், அல்லது தெருவுக்கு அழகாகத் தெரிந்தாலும் உள்ளே அடைபட்டிருக்கும். ஜன்னலை மூடிவிட்டால் எரிவாயு விளக்கின் சூடும் புகையும் போக வழி வேண்டுமே, அதற்காகக் கூரையின் நடுவில் காற்றுத் துளை வைப்பார்கள். கூரை நடுவில் கொக்கி இருந்தால் அதில் தொங்கியது விளக்கா, மேசன்களின் சின்னமான ஜி என்ற ஆங்கில எழுத்தா என்று பழைய புகைப்படத்தோடு ஒத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையை மட்டும் நம்பாதீர்கள். பல இடங்களில் அது கம்பளம், கழற்றிக் கொண்டு போயிருப்பார்கள். விக்டோரியா கால வீட்டு நடைகளிலும் அதே கட்டம்தான்.

கிழக்கு என்று நான் சொன்னது சடங்குக் கிழக்கு. நெருக்கமான துறைமுகத் தெருவில் மனை எப்படி நீண்டதோ அப்படித்தான் கட்டினார்கள். மாஸ்டர் உட்கார்ந்த பக்கம் கிழக்கு, அவ்வளவுதான். திசைகாட்டியை வைத்துப் பார்த்து, இது மண்டபமாக இருந்திருக்க முடியாது என்று தள்ளிவிடாதீர்கள்.

வரைபடம் வேண்டுமானால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:500 நகர வரைபடங்கள் இருக்கின்றன, 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நாலாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர்களுக்கு எடுத்தவை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இங்கிலாந்து ஊர்களும் அதில் உண்டு. பொதுக் கட்டடங்களுக்கு உட்புறச் சுவர்களைக் கூடக் காட்டுவார்கள். ஆனால் காட்டுவது தரைத்தளத்தை. லாட்ஜ் அறை பெரும்பாலும் மாடியில், கீழே சாப்பாட்டு அறையோ வாடகைக் கடையோ இருக்கும். படத்தில் கடை என்று இருப்பதால் மேலே மண்டபம் இல்லை என்று ஆகாது.

கரித்துறை

நிலம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். லாட்ஜ் சட்டப்படி ஒரு நபர் அல்ல, அதனால் அதன் பெயரில் நிலம் வாங்க முடியாது. உறுப்பினர்களில் சிலரை அறங்காவலர்களாக வைத்து அவர்கள் பெயரில்தான் பத்திரம் எழுதுவார்கள். அவர்களில் பலர் இறந்தால் புது ஆட்களை நியமித்து மறுபடி ஒரு பத்திரம். எனவே நீங்கள் தேட வேண்டியது ஆட்களின் பெயரை. ஒரே மனையின் விற்பனையில் ஐந்தாறு பேர், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள், ஒருவர் கப்பல் கட்டுபவர், ஒருவர் மருந்துக் கடைக்காரர், ஒருவர் வழக்கறிஞர் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பெயர்களை உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கிராண்ட் லாட்ஜின் 1751 முதல் 1921 வரையான பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரி தளத்தில் இருக்கின்றன.

1855, 1856 சட்டங்களால் வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம் தொடங்குவது எளிதானது. அதற்குப் பிறகு கட்டிய மண்டபங்களில் பல, 'மேசானிக் ஹால் கம்பெனி லிமிடெட்' என்ற வகையில் பதிவானவை. ஒரு லாட்ஜ் மாதம் ஒரு நாள்தான் கூடும். ஒரே ஊரின் நாலைந்து லாட்ஜுகளும் அவற்றின் உறுப்பினர்களும் பங்கு வாங்கி ஒரே மண்டபத்தை முறைவைத்துப் பயன்படுத்தினால் செலவு தாங்கும். மீதி நாட்களில் சாப்பாட்டு அறையைத் திருமணத்துக்கும் நடனத்துக்கும் வாடகைக்கு விடலாம். நீங்கள் கேட்ட நூறு ஆண்டு இடைவெளிக்குப் பெரிய காரணம் இந்தப் பணக்கணக்குதான் என்பது என் கருத்து. கப்பல் துறையும் இரும்பும் வளர்ந்து ஒரே ஊரில் பல லாட்ஜுகள் ஆனபோதுதான் கட்டடம் கட்டுப்படியானது. கலைக்கப்பட்ட நிறுவனங்களின் கோப்புகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 31 என்ற வரிசையில் உள்ளன. பங்குதாரர் பட்டியல் பெயர், முகவரி, தொழில், எத்தனை பங்கு என்று வரும். எல்லா நிறுவனங்களின் கோப்பும் தப்பவில்லை, கிடைத்தால் அது புதையல்தான்.

இன்னொரு புதையல் 1799-ன் சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து அரசு ரகசியச் சங்கங்களைத் தடை செய்தது. மேசன்களுக்கு ஒரு நிபந்தனையோடு விலக்குக் கிடைத்தது. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 25-க்குள் உறுப்பினர் பெயர், தொழில், கூடும் இடம், நேரம் எல்லாவற்றையும் கவுண்டியின் அமைதிக் குமாஸ்தாவிடம் (காலாண்டு நீதிமன்ற ஆவணங்களை வைத்திருந்த அதிகாரி) கொடுக்க வேண்டும். சட்டம் 1967-ல்தான் நீங்கியது. அந்தப் பட்டியல்கள் காலாண்டு நீதிமன்ற ஆவணங்களோடு இருக்கும். டர்ஹாம் கவுண்டிக்குரியவற்றை டர்ஹாம் நகரில் 2024-ல் திறந்த 'தி ஸ்டோரி' மையத்தில் கேளுங்கள், கவுண்டி ஆவணக் காப்பகம் அங்கே மாறிவிட்டது. விடுதியிலிருந்து மண்டபத்துக்கு மாறிய ஆண்டை இந்தப் பட்டியல்களில் வரிசையாக இடப்பெயரைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

இதில் இரண்டு ஏமாற்று உண்டு. போன ஆண்டுப் பட்டியலையே நகல் எடுத்துக் கொடுக்கும் சோம்பேறிச் செயலாளர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரும் கூட வரும். அடுத்தது, 1799-க்கு முன்பே இருந்த லாட்ஜுகளுக்கு மட்டும்தான் விலக்கு என்று சட்டத்தைப் படிக்க இடமிருந்தது. அதனால் சில காலம் புது லாட்ஜுக்குப் புதுப் பட்டயம் கொடுக்காமல், வேறெங்கோ மூடிப்போன லாட்ஜின் பழைய பட்டயத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பட்டயத்தில் 1760-கள் என்று இருக்கும், ஆட்கள் கூடத் தொடங்கியது 1800-க்குப் பிறகு. பட்டய ஆண்டையே தொடங்கிய ஆண்டு என்று எழுதினால் அங்கே சறுக்கும்.

ஆற்றையும் மறக்காதீர்கள். மேசன்களின் மாகாண எல்லை பழைய கவுண்டி எல்லையை ஒட்டியது. டைன் ஆற்றின் வடகரை நியூகாசில் நார்தம்பர்லாந்து மாகாணம், தென்கரை கேட்ஸ்ஹெட் டர்ஹாம். டீஸின் வடகரை ஸ்டாக்டன் டர்ஹாம், தென்கரை மிடில்ஸ்ப்ரோ யார்க்‌ஷயர் வடக்கு கிழக்கு ரைடிங் மாகாணம். ஒரே இரும்புத் தொழில், ஒரே முதலாளிகள், ஆவணங்கள் மட்டும் இரண்டு இடத்தில்.

நெய்தல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அறங்காவலர் விஷயம் தெரியாமல்தான் இத்தனை நாள் பத்திரத்தில் தேடல் வீணானது. இரண்டு சிறு சந்தேகம். சண்டர்லாந்தின் ஃபீனிக்ஸ் மண்டபத்தை "உலகிலேயே பழைய மேசன் மண்டபம்" என்று பல இடத்தில் எழுதுகிறார்கள், அப்படியே போடலாமா? அடிக்கல்லில் 5800-க்கு மேல் ஆண்டு பொறித்திருந்தால் எப்படிப் படிப்பது? சுரங்க ஊர்களில் மண்டபம் குறைவாகத் தெரிவது ஏன் என்பதும் புரியவில்லை.

ஆவணக்காரன்

ஆண்டுக்கு நேரடியான கணக்கு. மேசன்கள் 'ஒளியாண்டு' என்று கி.பி. ஆண்டோடு 4000 கூட்டி எழுதுவார்கள். 5869 என்றால் 1869. ஆனால் அது அடிக்கல் வைத்த ஆண்டு மட்டும்தான். தானியமும் மதுவும் எண்ணெயும் ஊற்றி மண்டபத்தை அர்ப்பணம் செய்த நாள் ஓராண்டு கழித்தும் இருக்கலாம். செய்தித்தாளில் இரண்டு நிகழ்ச்சிக்கும் தனித்தனிச் செய்தி வரும். 1869-ல் தொடங்கிய 'தி ஃப்ரீமேசன்' வார இதழையும் பாருங்கள், லண்டனின் ஃப்ரீமேசன்ரி அருங்காட்சியகம் அதை எண்ணிம வடிவில் வைத்திருக்கிறது. பழைய டைரக்டரியில் கூட்ட நாள் "பௌர்ணமிக்கு அருகிலுள்ள திங்கள்" என்பது போல இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இரவில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும். அந்த ஆண்டின் பௌர்ணமித் தேதிகளைக் கணக்கிட்டுக்கொண்டால் எந்த நாள் செய்தித்தாளைப் புரட்டுவது என்று தெரிந்துவிடும்.

செங்கல்சுண்ணாம்பு

ஃபீனிக்ஸ் பற்றி. அந்த லாட்ஜ் 1755-ல் 'கிங் ஜார்ஜ்' என்ற பெயரில் தொடங்கியது. முந்தைய மண்டபம் 1783-ல் தீயில் அழிந்தது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை வைத்துக்கொண்டு குயீன் ஸ்ட்ரீட்டில் 1785-ல் புது மண்டபத்துக்கு வந்தார்கள். இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. "உலகிலேயே" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். லண்டனில் தாமஸ் சாண்ட்பி கட்டிய ஃப்ரீமேசன்ஸ் ஹால் 1776-லேயே திறந்தாயிற்று, இன்று அது இல்லை, அவ்வளவுதான். "மேசன்களுக்கென்றே கட்டப்பட்டு இன்றும் அதே பயன்பாட்டில் இருக்கும், இங்கிலாந்தின் மிகப் பழைய மண்டபம்" என்று எழுதுங்கள். இதில் ஒரு சொல்லை உருவினாலும் கூற்று ஆட்டம் கண்டுவிடும்.

சண்டர்லாந்தைப் பற்றி எழுதுவதால் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் சேருங்கள். அங்குள்ள நகரத் தெருவில் நிற்கும் மேசன் மண்டபத்தின் முகப்பு, சண்டர்லாந்தின் பார்க் டெரஸில் இருந்த மண்டபத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது. 2006-ல் திறந்தார்கள். முன்பக்கம் இரண்டு தளமாக, கீழே உடை மாற்றும் அறையும் டைலர் அறையும், பின்னால் கட்டடத்தின் முழு உயரத்துக்கும் பெரிய அறை. அறைகள் எந்த வரிசையில் அமையும் என்று புரிந்துகொள்ள நல்ல மாதிரி. ஆனால் அசலாக வந்தது முகப்பு, அதற்கு மேல் எதையும் பார்க் டெரஸ் மண்டபத்துக்குச் சான்றாக எடுக்க வேண்டாம்.

கரித்துறை

சுரங்க ஊர்கள் பற்றிச் சுருக்கமாக. சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, விருந்துச் செலவு, உடுப்பு எல்லாம் சேர்ந்தால் கரி வெட்டுபவரின் கூலிக்கு எட்டாது. அவர் போனது நட்புறவுச் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும். நோயில், சாவில் பணம் தருவது அவைதான். டர்ஹாம் தொழிலாளர்கள் தங்கள் பணத்தில் எழுப்பிய மண்டபம் 1915-ல் திறந்த ரெட்ஹில்ஸ். மேசன் மண்டபங்கள் துறைமுகத்திலும் சந்தை ஊரிலும் இரும்பு ஊரிலும் குவிந்தன. கப்பல் கட்டுபவர், தரகர், பொறியாளர், கடைக்காரர், மருத்துவர் வாழ்ந்த இடங்கள் அவை.

நிலக்கரி முதலாளிகளோ இயக்கத்தின் உச்சியில் இருந்தார்கள். முதலாம் டர்ஹாம் பிரபு ஜான் ஜார்ஜ் லாம்ப்டன் பெரிய சுரங்க உடைமையாளர், டர்ஹாம் மாகாண மேசன்களின் தலைவரும் அவரே. அவர் நினைவாகப் பென்ஷா குன்றின் மேல் எழுந்த தூண் மண்டபத்துக்கு 1844 ஆகஸ்ட் 28-ல் அடிக்கல் வைத்தவர் அன்றைய கிராண்ட் மாஸ்டர் ஜெட்லண்ட் பிரபு, மேசன் சடங்குகளோடு. அது கூடும் மண்டபம் அல்ல, கூரையே இல்லாத நினைவுச் சின்னம். உங்கள் பட்டியலில் அதைத் தனியாக வையுங்கள். அந்த நாளின் ஊர்வலச் செய்தியைக் கண்டுபிடித்தால், எந்தெந்த ஊர் லாட்ஜுகள் வந்தன என்று பார்த்து 1844-க்கான லாட்ஜ் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எண் எழுதும்போது 1832 வரிசையைப் போடுங்கள், 1863-ஐ அல்ல.